திருகோணமலைப் பட்டினத்தில் எதைக் காப்பாற்றுவது, யாருக்காக?

ஒரு வாசகரின் கேள்வி, ஓகஸ்ட் 5

கனகாலத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தேன். மத்திய வீதியிலும் பிரதான வீதியிலும் நடந்தால் கண்ணாடி முகப்பும் அலுமினியத் தகடும்தான் கண்ணில் படுகின்றன. கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து விட்டால் வவுனியாவா மட்டக்களப்பா என்று சொல்லத் தெரியாது. காலிக் கோட்டைக்குள் கேட்டுக் கேள்வி இல்லாமல் ஒரு வீட்டில் கை வைக்க முடியாதாம். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் போட்டால் என்ன? ஊரில் இருக்கிறவர்களுக்கு அக்கறையே இல்லையா?

ஓகஸ்ட் 5, இரவு

கடைசிக் கேள்வி இல்லாவிட்டால் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். அந்தக் கண்ணாடி முகப்புகளில் சிலவற்றுக்குப் படம் கீறிக் கொடுத்தவன் நான். கட்டடப் படம் கீறி, சபையில் அனுமதி எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பழைய வீட்டை இடிக்கிறவர்கள் முதலில் என் மேசைக்கு முன்னால் வந்துதான் உட்காருகிறார்கள். பெரும்பாலும் முகம் தொங்கிப் போய்த்தான் வருகிறார்கள்.

திருகோணமலையில் பழையது எது என்று கேட்டால் எல்லோரும் பிரெட்றிக் கோட்டையையும் கோணேசர் கோயிலையும் காட்டுவார்கள். இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கோயிலுக்கு உலகம் முழுக்க அடியார்கள் இருக்கிறார்கள். நான் பேசுவது அந்த வாசலுக்கு வெளியே கிடக்கிற பட்டினத்தைப் பற்றி. டைக் வீதி, பெருந்தெரு, பெரியகடை, வித்தியாலயம் வீதி, அவற்றுக்கு இடையில் ஓடுகிற ஒழுங்கைகள். ஓட்டு விறாந்தை, தெருவோடு ஒட்டிய திண்ணை, மரச் சட்டம் போட்ட யன்னல்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்டதுதான் புராதனச் சின்னம். கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. 1795இலேயே ஆங்கிலேயன் கைக்குப் போய்விட்ட எங்கள் பட்டினத்துக்கு அந்தத் தேதி என்ன பொருத்தமோ தெரியாது. இங்கே நிற்கிற ஓட்டு வீடுகள் அநேகமாக எல்லாமே அதற்குப் பிந்தியவை. பிந்தியதைக் காக்க அமைச்சர் தனியாக ஒரு கட்டளை போட வேண்டும். பெருந்தெரு விறாந்தை ஒன்றுக்கு எந்த அமைச்சர் கட்டளை போடப் போகிறார்?

ஓகஸ்ட் 6

காலியைப் பற்றி ஒரு வார்த்தை. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், 1994இல் அதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். கட்டடங்கள் தப்பியது உண்மை. ஆனால் உள்ளே தலைமுறையாக இருந்த குடும்பங்களில் பல நல்ல விலைக்கு விற்றுவிட்டு வெளியே போய்விட்டன. ஓடு அப்படியே இருக்கிறது, ஓட்டுக்குக் கீழே ஹோட்டல்.

ஓகஸ்ட் 8

"சுவர் உதிர்கிறது, இடிக்காமல் என்ன செய்வது?" என்று உவர்மலையிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். பாதி வீடுகள் போனது இந்தச் சுவர்க் கதையால்தான்.

பழைய வீட்டுச் சுவர் கல்லோ செங்கல்லோ, சாந்து சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். எங்கள் பட்டினம் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த தரைமுனை, காற்றிலேயே உப்பு. நிலத்தடியிலிருந்து ஏறுகிற ஈரமும் உப்போடுதான் ஏறும். முன்பு அது பூச்சின் மேல்பக்கம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். பொங்கலுக்கு முன் விளக்குமாற்றால் தட்டிவிட்டு மறுபடி வெள்ளை அடிப்பார்கள். முடிந்தது.

பிறகு கையில் கொஞ்சம் காசு வந்ததும் என்ன செய்தோம்? சுவரைப் பலப்படுத்துகிறோம் என்று சீமெந்துப் பூச்சுப் பூசினோம், அதற்கு மேல் எமல்சன் பெயின்ட். உள்ளே ஏறிய ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லை. உப்பு பூச்சுக்குப் பின்னால் திரண்டு, செங்கல்லையே மாவாக்குகிறது. சென்ற மாதம் டைக் வீதிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அளக்கப் போனேன். முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை விரலால் அழுத்தினேன். பெயின்ட் தோலும் சீமெந்துத் தகடும் சேர்ந்து கழன்று வந்தன. பின்னால் இருந்த செங்கல் ஈரச் சீனியைப் போல் கையோடு வந்தது. அதே சுவரில், அலுமாரிக்குப் பின்னால், யாரும் பெயின்ட் பூசாமல் விட்ட ஒரு முழத் துண்டு பழைய சுண்ணாம்புப் பூச்சு கல்லுப்போல் நின்றது. வீட்டுக்காரருக்கு அதைக் காட்டினேன். பார்த்தார். "சரி தம்பி, இப்ப சுண்ணாம்பு பூசத் தெரிந்த மேசன் எங்கே இருக்கிறான்?" என்றார். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கண் மங்கிவிட்டது.

கூரைக்கும் இதே கதிதான். அந்த வீட்டில் கைமரம், சிலாகை எல்லாம் கறையான் தின்று கிடந்தது பூட்டி வைத்த சாமான் அறையில். விறகடுப்புப் புகை பட்ட குசினிக் கூரை கரி பிடித்து, ஆனால் நேராக நின்றது. ஆள் புழங்குகிற பக்கம் நிற்கிறது, பூட்டிய பக்கம் விழுகிறது. நான் அளந்த அநேக வீடுகளில் இதைத்தான் கண்டேன்.

ஓகஸ்ட் 9

கூரையிலிருந்து எடுத்த ஓடு ஒன்றின் படத்தைப் போட்டு, "எங்கள் வீடு 1865இல் கட்டியது, ஆதாரம் இதோ" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்க வேண்டும். அது மங்களூரில் பேசல் மிஷன்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அதைத் தங்கள் ஓட்டின் அடியிலேயே பதித்து விட்டார்கள். அந்த ஆண்டு பதித்த ஓடு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எத்தனையோ கூரைகளில் கிடக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில்தான் பால் காய்ச்சியிருக்க வேண்டும். வீடு அழகான வீடு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஓட்டைக் கழற்றிவிடாதீர்கள், அது இன்னும் இரண்டு தலைமுறைக்குத் தாங்கும்.

ஓகஸ்ட் 10

முருகைக்கல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கலாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடாது. கரையோர வலயத்தில் முருகை அகழ்வது 1988இல் வந்த சட்டத் திருத்தத்தோடு தடை. தடை சரியானதுதான். பழைய வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்று கடலை உடைக்க முடியாது. சுண்ணாம்புக் கல்லில் சுட்ட சுண்ணாம்பு கடையில் கிடைக்கிறது. அதை நீர்த்து, வாரக்கணக்கில் ஊற வைத்துப் பூசினால் போதும். பொறுமைதான் வேண்டும். சீமெந்துப் பைக்குப் பழகிய எங்களிடம் இல்லாதது அதுதான்.

ஓகஸ்ட் 13

முதல் கேள்வியைக் கேட்ட ரொறன்ரோ அண்ணன் இப்போது எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? அவருடைய அம்மாவின் வீடும் இங்கே பூட்டிக் கிடக்கிறதாம். ஐந்து பிள்ளைகள், மூன்று நாடுகள், அதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அண்ணன், உங்களைக் குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. பட்டினத்து வீடுகளில் பாதியின் கதை இதுதான்.

என் மேசைக்கு வருகிற வீடுகளை வைத்துச் சொல்கிறேன். சீமெந்து சுவரைத் தின்றால், காணி உறுதிப் பத்திரம் வீட்டையே தின்கிறது. தாய் தகப்பன் போன பிறகு காணி பிரிபடாத பங்காகப் பிள்ளைகளுக்கு வருகிறது. எல்லோரும் கையெழுத்து வைக்காமல் முழு வீட்டையும் விற்கவோ இடித்துக் கட்டவோ முடியாது. ஒழுகுகிற ஓட்டை மாற்றக்கூட ஒருவர் காசு போட்டால் மற்றவர் "பிறகு இதைச் சொல்லிப் பங்கு கூடக் கேட்பான்" என்று நினைக்கிறார். பத்து வருடம் ஒழுகுகிறது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், விற்பது.

பிரிக்கலாம் என்றால், நகர அபிவிருத்தி விதிகளின்படி ஒரு துண்டு குறைந்தது 6 பேர்ச் இருக்க வேண்டும், தெருமுகமும் வேண்டும். எங்கள் பழைய வளவுகள் தெருப்பக்கம் ஒடுங்கி உள்ளே நீண்டு போகிறவை. இரண்டாகப் பிரிப்பதே திண்டாட்டம், ஐந்தாக எப்படிப் பிரிப்பது?

இன்னொன்றையும் சொல்கிறேன், வெளியே அதிகம் தெரியாத விஷயம். பழைய வீடு தெருவோடு ஒட்டி நிற்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் கால் தெருவில். பக்கத்து வீடும் அதே கோட்டில், அடுத்ததும் அதே கோட்டில். இதனால்தான் ஒரு தெருவுக்கு முகம் என்று ஒன்று வருகிறது. இன்றைய விதியின்படி புதிதாகக் கட்டுகிறவர் தெருவிலிருந்து தள்ளிக் கீறிய கட்டடக்கோட்டுக்குப் பின்னால்தான் கட்ட வேண்டும். வரிசையில் நடு வீடு ஒன்றை இடித்துக் கட்டினால் அது உள்ளே தள்ளிப் போய்விடும். முன்னால் கார் விடுகிற ஒரு வெற்றிடம், அதைச் சுற்றி மதில், மதிலில் இரும்புக் கேட். வரிசை அங்கே உடைகிறது. யாரும் சட்டத்தை மீறவில்லை. சட்டப்படி கீறிய என் படம்தான் அதைச் செய்தது.

அண்ணனுக்கு என் யோசனை: வீட்டை என்ன செய்வது என்ற பேச்சைத் தள்ளி வையுங்கள். ஐந்து பேரும் சேர்ந்து ஊரில் இருக்கிற ஒருவருக்குப் பழுது பார்ப்பதற்கு மட்டும் அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்து வைக்கிற அதிகாரம், கொடுங்கள். பங்குக் கணக்கு அப்படியே இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து மேய்ந்து, பீலியைத் துப்புரவாக்கி விட்டால் சண்டை முடிகிற வரைக்கும் வீடு காத்திருக்கும்.

ஓகஸ்ட் 14

மான்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். பட்டினத்து மான்களுக்குக் கட்டடக்கோடும் இல்லை, பிரிபடாத பங்கும் இல்லை. கோட்டையில் மேயும், கச்சேரிப் பக்கம் மேயும், கடற்கரையில் சுற்றுலாக்காரரிடம் பிஸ்கற் வாங்கித் தின்னும், குப்பைப் பையையும் சேர்த்துத் தின்னும். ஊரின் அடையாளம் என்று எல்லோரும் படம் எடுக்கிற ஒன்றுக்கே நாம் பொலித்தீன் ஊட்டுகிறோம். மானை விட்டுவிடுவோம், இழை வேறு பக்கம் போய்விடும்.

ஓகஸ்ட் 19

கொழும்பிலிருந்து எழுதுகிற தம்பி ஒருவர், "தொல்லியல் திணைக்களத்திடம் ஒரு மகஜர் கொடுத்தால் வேலை முடிந்துவிடும்" என்கிறார். தம்பி, நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் இங்கே யாரிடமும் அதைச் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் முகப்பை அளவெடுத்துக்கொண்டு நின்றேன். நான் கீறி வைக்க ஆசைப்பட்டது, அனுமதி வேலைகூட இல்லை. வீட்டுக்கார அம்மா படலைக்கு வந்து, தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராசா, இது பழசு என்று மட்டும் எங்கேயும் எழுதிப் போடாதே" என்றார். பழசு என்று தெரிந்தால் தொல்லியல் திணைக்களத்தின் பலகை வரும், பலகை வந்தால் காணி போகும். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

அது மூதாட்டி ஒருவரின் வீண் பயம் என்று தள்ள முடியாது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கு என்று ஜனாதிபதி செயலணி ஒன்றை அறிவித்தார்கள். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் வந்த பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. மாகாணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் யார் வாழ்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆட்கள் அந்தியேட்டிக்குப் போய்வந்த இடம். அங்கே பழைய பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை கட்டப் போகிறார்கள் என்று பிரச்சினை எழுந்து, 2019 யூலையில் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட வேண்டி வந்தது.

ஆகவே இந்த ஊரில் "பாதுகாப்பது" என்ற பேச்சை எடுத்தாலே சனம் கதவைச் சாத்துகிறது. பழைய வீட்டை இடித்து மாபிள் பதிப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்று நினைக்கிறவர்களை நான் நேரிலேயே சந்தித்திருக்கிறேன். புது வீட்டை யாரும் தோண்டிப் பார்க்க வரமாட்டார்கள். காலியில் இந்தப் பயம் இல்லை. அங்கே வேலை செய்த சட்டத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம், ஹோட்டல் இரண்டாவது.

ஓகஸ்ட் 20

நேற்று எழுதியதற்கு, முஸ்லிம்கள் அதிகம் வாழ்கிற கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி நல்ல கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார். "நீங்கள் சொல்கிற 'ஊர் அடையாளம்' யாருடையது? நாளைக்கு இதையே வைத்து எங்களையும் வெளியாட்கள் என்று சொல்லமாட்டீர்களா?"

சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் நான் கோயில், கோட்டையை விட்டுத் தெருவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலையின் கதை எங்களுக்கு மனப்பாடம். தேவாரத்தில் இருக்கிறது, 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள், அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் குளக்கோட்டன் என்ற மன்னனின் திருப்பணி பற்றிய பாட்டின் உடைந்த எழுத்துகளும் இன்றைக்கும் இருக்கின்றன, பார்க்காமலே உள்ளே போகிறோம். 1956இல் கடலுக்கடியில் கோயில் தூண்களைக் கண்டார்கள், 1963இல் கும்பாபிஷேகம். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அது எங்கள் உரிமை.

ஆனால் பட்டினம் வேறு விதமாக வளர்ந்தது. ஒல்லாந்தர், 1782இல் கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர், மறுபடி ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் துறைமுகத்தில் வேலை தேடி வந்தவர்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்வரை இது படைத்தளம் போட்ட சோற்றில் வளர்ந்த ஊர். யாழ்ப்பாணத்தார் வந்தார்கள், மலையாளிகள் வந்தார்கள். தென்மேற்குக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்க மீனவர் வந்து கரையில் வாடி போட்டார்கள். பெரியகடைப் பள்ளியின் பாங்கும் மரியன்னை பேராலய மணியும் காளி கோயில் பறையும் ஒரே நடையில் கேட்கக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. ஜேன் ஒஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியையின் தம்பி, கடற்படை அதிகாரி, 1852இல் இறந்தவர், அவருடைய கல்லறையும் இங்கேதான். அதைத் தேடி வருகிற வெள்ளைக்காரரிடம் ஆட்டோக்காரர் ஒருவர் "ஓ, ஒஸ்டின் கார்க்காரரா?" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

தம்பிக்கு என் பதில்: இந்தத் தெருக்களில் குடியிருந்து, அரிசி வாங்கி, பிள்ளை வளர்த்தவர் யாரோ அவருடையது. நேற்று வந்தவரும் அதில் சேர்த்திதான், வந்தவர் குடியிருக்கிறார் என்றால். காணியை வேலியடைத்து வைத்துவிட்டுக் கொழும்பிலோ இலண்டனிலோ இருந்து விலை ஏறுவதற்குக் காத்திருப்பவர் என் சொந்த மச்சான் என்றாலும் அவரைச் சேர்க்கமாட்டேன்.

(மச்சான் இதைப் படிப்பார். படிக்கட்டும்.)

ஓகஸ்ட் 27

ஒரு வாரமாக யோசித்ததில் இரண்டு விஷயம்.

ஒன்று, அருங்காட்சியகம். உட்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் காலத்து மாளிகை ஒன்றைத் திருத்தி 2013இல் கடல்சார் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வேலை நன்றாகச் செய்திருக்கிறார்கள், விறாந்தைத் தூண்களைப் பார்த்தால் எனக்கே பொறாமை. அப்படி இன்னும் இரண்டு கட்டடம் வரட்டும். ஆனால் பட்டினம் முழுவதையும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ராத்திரி விளக்கு எரியாத வீடு எனக்கு வீடாகப் படவில்லை.

இரண்டு, நகர்வலம். சிவராத்திரியைத் தொடர்ந்து கோணேசர் பட்டினத்துத் தெருக்களில் வலம் வருகிற நாட்களில் வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைப்பார்கள். ஒரு மேசை, வெள்ளைத் துணி, குடம், மாவிலை, தேங்காய், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. இந்த வருடம் தேருக்குப் பின்னால் போகும்போது வாசல்களைக் கவனித்துக்கொண்டே போனேன். மாபிள் பதித்த இரண்டு மாடி வீடுகளின் வாசலில் நிறைகுடம் இருந்தது, கேட்டைத் திறந்து, காரைப் பின்னுக்கு எடுத்து, தெருவுக்கே மேசையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அழகான பழைய வீடுகள் சிலவற்றின் வாசல் இருட்டு, பூட்டு. அதைப் பார்த்த பிறகு என் முகப்புப் பித்து கொஞ்சம் தெளிந்தது. ஓடும் திண்ணையும் இருந்தால் நல்லது. அவை இல்லாமலும் தெரு தெருவாக இருக்கும். ஆள் இல்லாமல் இருக்காது.

டீச்சர் உடனே கேட்பார், அப்படியானால் ஏன் கவலைப்படுகிறாய், இடித்துக் கட்டி எல்லோரும் குடியிருக்கட்டுமே என்று. இடித்துக் கட்டுகிற வீடுகளில் எத்தனை குடியிருப்பதற்காக எழும்புகின்றன? உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் கரையோரம் முழுக்க விடுதிகள் வந்தது போல, இப்போது பட்டினத்துக்குள்ளும் நான் கீறுகிற படங்களில் "வீடு" என்று எழுதி, அறைக்கு அறை குளியலறை வைக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு அறைக்கும் குளியலறை உள்ள வீட்டில் எந்தக் குடும்பம் இருக்கப் போகிறது என்று நான் கேட்பதில்லை. கேட்டால் வேறு படவரைஞரிடம் போவார்கள்.

செப்டெம்பர் 2

"குறை சொல்கிறாய், வழி சொல்லவில்லை" என்கிறார்கள். சரி, என் மேசையிலிருந்து தெரிகிற அளவுக்குச் சொல்கிறேன்.

பலகை வேண்டாம், பட்டியல்கூட வேண்டாம். முகப்பையும் திண்ணையையும் இருந்த கோட்டிலேயே வைத்துக்கொண்டு பின்பக்கம் கட்ட விரும்புகிறவருக்குக் கட்டடக்கோட்டில் விலக்குக் கொடுக்கட்டும். அவருக்குத் தேவையான மாடி பின்னால் எழும்பும், தெருவின் வரிசை முன்னால் நிற்கும். இப்போது முகப்பை வைத்துக்கொள்ள நினைப்பவருக்குத்தான் கூடுதல் அலைச்சல், இடிக்கிறவருக்கு ஒரே படத்தில் வேலை முடிகிறது. குடியிருக்கிற பழைய வீட்டுக்குச் சோலைவரியில் கொஞ்சம் கழிவு கொடுக்கலாம், பூட்டிய வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. இது உறுதியைக் கேட்காது, இனத்தைக் கேட்காது, 1815ஐயும் கேட்காது.

விறாந்தையில் சம்பாதிக்க விட வேண்டும். வித்தியாலயம் வீதிப் பக்கம் ஒரு அக்கா பின்னேரத்தில் விறாந்தையில் இடியப்பம் விற்கிறார். இடியப்பம், சொதி, சம்பல், அவ்வளவுதான். ஆறு மணிக்கு நிற்க இடம் இருக்காது. அந்த வீட்டுக் கூரை ஒழுகினால் அடுத்த கிழமையே ஓடு மாறும், ஏனென்றால் ஒழுகினால் வியாபாரம் நின்றுவிடும். பக்கத்தில் ஒரு விறாந்தையில் தையல் மெசின், இன்னொன்றில் ஏ.எல். கணக்கு டியூசன். நான் அளந்த வீடுகளில் நேராக நிற்பவை இப்படித் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்பவைதான்.

சபை இதைச் செய்யுமா? முன்பு ஒருமுறை கட்டடக்கோட்டு விலக்குப் பற்றி ஒரு அலுவலரிடம் பேசினேன். "எழுத்தில் தாருங்கள்" என்றார். கொடுத்தேன். இன்னும் எழுத்தில்தான் இருக்கிறது. அரசியல்வாதிகளுக்கு இதில் கல்வெட்டுத் திறக்க இடமில்லை, அதனால் அவசரமும் இல்லை.

செப்டெம்பர் 3

ரொறன்ரோ அண்ணன் எழுதியது: அக்காவோடு பேசினாராம். பழுது பார்ப்பதற்கு மட்டும் என்றால் கையெழுத்து வைக்கச் சம்மதம், "ஆனால் அவனோடு நேரில் பேசமாட்டேன்" என்றாராம். பேச வேண்டாம் அண்ணன். நொத்தாரிசு பேசிக்கொள்வார்.

செப்டெம்பர் 5

கிண்ணியாத் தம்பியும் டீச்சரின் ஏ.எல். பிள்ளைகளும் அளக்க வருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். வாருங்கள். பெரியகடைப் பக்கத்து ஒழுங்கையில் தொடங்குவோம், அங்கே வரிசை இன்னும் அதிகம் உடையவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணி, வெயில் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டும். நீள டேப் என்னிடம் இருக்கிறது, தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள். தெருவில் நின்று முகப்பை மட்டும் அளப்போம். படலைக்குள் கால் வைப்பது என்றால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான். கீறிய தாளில் ஒரு பிரதி அந்த வீட்டுக்கே, மற்றது என்னிடம். வீட்டு இலக்கமோ பெயரோ எழுத வேண்டாம், படத்தை எங்கேயும் போடவும் வேண்டாம். ட்ரோன் கொண்டு வருகிறேன் என்று சொன்ன தம்பி தயவுசெய்து அதை வீட்டில் வைத்துவிட்டு வரவும். கோட்டையும் கடற்படையும் பக்கத்தில் இருக்கின்றன, மீட்டுக் கொண்டுவர என்னால் முடியாது.